பிராமியும் சுந்தரியும் கற்ற வீடு: சமண ஓவிய வரலாறும் இல்லக் கல்வியும்

தீர்த்தங்கரர் இருபத்துநால்வருள் முதல்வராகிய விருஷபதேவர், துறவு மேற்கொள்வதற்கு முன் இல்லறத்தில் இருந்த காலத்தில் தம் மக்களுக்குத் தாமே ஆசிரியராக விளங்கினார் என்பது சமண மரபு. 9ஆம் நூற்றாண்டில் ஜினசேன ஆசாரியர் வடமொழியில் இயற்றிய ஆதிபுராணம் இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கிறது. தம்மை வணங்கி நின்ற பிராமி, சுந்தரி என்னும் மகளிர் இருவரையும் பெருமான் மடியில் அமர்த்திக்கொண்டார். வலக்கையால் பிராமிக்கு எழுத்தையும், இடக்கையால் சுந்தரிக்கு எண்ணையும் எழுதிக் காட்டினார். அதன் பின்னரே மைந்தர்களுக்குக் கலைகளைப் பகிர்ந்தளித்தார். பரதனுக்குப் பொருள்நூலும் கூத்தும், விருஷபசேனனுக்கு இசையும், பாகுபலிக்கு மருத்துவமும் வில்வித்தையும் பிறவும் கற்பித்த அப்பெருமான், அனந்தவிஜயன் என்னும் மைந்தனுக்கு ஓவியக் கலையையும் மனைநூலையும் கற்பித்தார் என்கிறது அப்புராணம்.

இக்கதையில் கருதத்தக்கவை மூன்று உள. முதலாவது, முதற்பாடம் பெற்றவர்கள் பெண்மக்கள். இரண்டாவது, ஓவியம் மருத்துவத்துக்கும் பொருள்நூலுக்கும் ஒப்பாக ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் எனப் பெருமான் உலகிற்கு வகுத்தளித்த ஆறு தொழில்களுள் கைவினைக் கலையும் ஒன்றாக நிற்பது இதற்குச் சான்று. மூன்றாவது, இப்பாடம் நிகழ்ந்த இடம் வீடு, ஆசிரியர் தந்தை. எழுத்தும் எண்ணும் ஓவியமும் ஒரே வீட்டில், ஒருவரிடமே கற்கப்பட்டன.

இவ்வழக்கம் நெடுங்காலம் ஊர்தோறும் வேறொரு வடிவில் நிலவி வந்தது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சமணச் சிற்றூர்களில் ஜினாலயம் தெருவிலேயே இருந்தது. பாட்டியின் கைப்பிடித்துச் சென்ற குழந்தை, காளை பொறித்த பீடம் ஆதிநாதருடையது, சங்கு பொறித்த பீடம் நேமிநாதருடையது, ஐந்தலை நாகம் குடைபிடிப்பவர் எனின் பார்சுவநாதர் எனச் சொல்லாமலே அறிந்துகொண்டது. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நாடி இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு அந்த நடைதூரத்துப் பள்ளிக்கூடம் இல்லாது போயிற்று. இன்று அங்கு வளரும் குழந்தை ஓவிய வகுப்புக்குச் செல்கிறது. இரு மலைகளுக்கு இடையே எழும் ஞாயிற்றையும் தென்னையின் கீழ் ஒரு குடிலையும் அழகாக வரைகிறது. தன் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லிலும் சுவரிலும் ஏட்டிலும் தீட்டியவற்றைப் பார்க்க அதற்கு யாரும் கற்பிப்பதில்லை. அவ்வரலாற்றைக் கொண்டே வீட்டில் குழந்தைக்குக் கலையைக் கற்பிக்க இயலுமா என்பதே ஆராயத்தக்கது.

கல்லில் எழுதிய பாடம்

தமிழ்நாட்டுச் சமணக் கலையின் முதல் ஏடு கல்லே. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அச்சணந்தி என்னும் முனிவர் செய்வித்த திருமேனிகள் பல உள்ளன. ஆனைமலையிலும் அழகர்மலையிலும் அவர் பெயர் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சீவக சிந்தாமணியில் சீவகனுக்குக் கலைகளைக் கற்பிக்கும் ஆசிரியரின் பெயரும் அச்சணந்தியே. காவியத்து ஆசிரியரும் கல்வெட்டு முனிவரும் ஒருவரல்லர் எனினும், கற்பித்தலோடும் கலையோடும் இணைந்த பெயராக அது தமிழ்ச் சமணர் நினைவில் நிலைத்தது. அக்காவியத்தின் நாயகனாகிய சீவகனே ஓவியம் தீட்ட வல்லவன். குணமாலையின் உருவை அவன் வரைந்தமை அக்காப்பியத்தில் ஒரு நிகழ்ச்சி.

கழுகுமலையில் பாண்டியர் காலத்தில், 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாறைச் சரிவில் செதுக்கப்பட்ட திருமேனிகள் ஏறத்தாழ 150. அவற்றின் கீழே சிறுசிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இன்ன திருமேனி இன்னார் செய்வித்தது என்பதே அவை கூறும் செய்தி. செய்வித்தவருள் துறவியர் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் உண்டு. தச்சரும் குயவரும் உண்டு. ஒரு மலைச்சரிவு முழுவதும் அரசன் ஒருவனின் பெயரால் நிறையாமல், எளிய மக்களின் பெயர்களால் நிறைந்திருப்பது கலை வரலாற்றில் அரிய காட்சி.

அக்கழுகுமலையில் பாகுபலியின் உருவம் ஒன்று உண்டு. அசையாது நின்று தவமியற்றும் அவர் கால்களிலும் கைகளிலும் கொடிகள் படர்ந்துள்ளன. இருமருங்கும் பெண்கள் இருவர் நிற்கின்றனர். அவர்களே உடன்பிறந்தாராகிய பிராமியும் சுந்தரியும் என அறிஞர் கொள்வர். தந்தை மடியில் எழுத்தும் எண்ணும் கற்ற அதே மகளிர், வளர்ந்தபின் தவத்தில் ஆழ்ந்த உடன்பிறந்தாரின் அருகில் வந்து நிற்கும் காட்சி இது. புராணம் கேட்ட குழந்தைக்கு இச்சிற்பத்தைக் காட்டினால், அது வெறுங் கல்லாகத் தோன்றாது. தெரிந்த இருவரை நெடுநாள் கழித்துக் கண்டதுபோல் இருக்கும்.

கூர்ந்து நோக்கும் குழந்தை இங்கு ஒரு வினாவையும் எழுப்பக்கூடும். கழுகுமலைத் தீர்த்தங்கரர் திருமேனிகளின் பீடங்களில் காளையும் சிங்கமும் சங்கும் ஏன் இல்லை? தமிழகத்தின் பழைய பாறைச் சிற்பங்கள் பெரும்பாலானவற்றில் இலாஞ்சனம் பொறிக்கப்படவில்லை. முக்குடை, சாமரை வீசுவோர், நாகப்படம், தோளில் வீழும் சடை ஆகியவற்றைக் கொண்டே அடையாளம் காண வேண்டும். சின்னம் பொறிக்கும் வழக்கம் இங்குப் பின்னரே பரவியது. அறம் மாறாதது, அதைக் காட்டும் வடிவம் காலந்தோறும் வளர்ந்தது. கலை வரலாறு என்பதன் முதற்பாடத்தை இந்த ஒரு வினாவே குழந்தைக்குக் கற்பித்துவிடும்.

வண்ணம் பூத்த குளம்

கல்லுக்கு அடுத்தது வண்ணம். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில் உள்ள அறிவர் கோயிலை, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்தார் எனக் கல்வெட்டு கூறுகிறது. அக்குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் விரிகிறது. அல்லியும் தாமரையும் அடர்ந்த நீரில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் திரிய, மூவர் மலர் கொய்கின்றனர். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தைச் சூழ்ந்த நீர்நிலையும், அங்கே பூப்பறிக்கும் பவ்வியருமே இக்காட்சி என ஆய்வாளர் விளக்குவர்.

சமவசரணத்தில் பகையுடைய விலங்குகளும் பகை மறந்து ஒருங்கே அமரும் என்பது மரபு. சித்தன்னவாசல் ஓவியனின் குளத்தில் மீனைக் கொத்தும் பறவை இல்லை, வேடனும் இல்லை. கொல்லாமையை வாயால் அறிவுறுத்தாமல், கண்ணுக்கு நிறைவான ஒரு நீர்நிலையாகத் தீட்டிக் காட்டிய திறம் அது. குழந்தைக்கு இதைக் காட்டி, குளத்தில் எத்தனை உயிர்கள் உள்ளன என எண்ணச் சொன்னால், எண்ணி முடிப்பதற்குள் அறப்பாடமும் முடிந்திருக்கும்.

இவ்வோவியங்களை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தோருள் து. அ. கோபிநாத ராவும், 1920இல் வந்து கண்ட பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் குறிப்பிடத்தக்கவர். பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் வண்ணங்களை ஆராய்ந்தார். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்குப் பச்சை மண் என நிலமே வண்ணங்களைத் தந்திருந்தது. கடையில் வாங்கும் வண்ணப் பெட்டிக்கு முன்னரும் உலகில் வண்ணம் இருந்தது என்பதைக் குழந்தை தன் கையால் உணர, காவிக் கட்டி ஒன்றும் அம்மிக்கல்லும் அடுப்புக்கரியும் போதும்.

படமும் பெயரும்

வீட்டுக் கல்விக்கு மிக நெருங்கிய முன்மாதிரி காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் உள்ளது. ஜினகாஞ்சி எனப் போற்றப்படும் அவ்வூரின் திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் தம் ஆசிரியர் புஷ்பசேனரின் விருப்பப்படி 1387ஆம் ஆண்டளவில் சங்கீத மண்டபத்தை எடுப்பித்தார். அம்மண்டபத்தின் விதானத்தில் பழைய ஓவியங்களின் எச்சங்களும், அவற்றுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளில் தீட்டப்பட்ட நீண்ட ஓவிய வரிசைகளும் உள்ளன. விருஷபதேவர் வரலாறு, வர்த்தமானர் வரலாறு, நேமிநாதரோடு உறவுடைய கண்ணனின் வரலாறு ஆகியவை கட்டங்கட்டமாக, ஒரு பட்டையை அடுத்து மற்றொரு பட்டையாக ஓடுகின்றன. பிறந்த குழந்தையை இந்திரன் மேருமலைக்கு எடுத்துச் சென்று நீராட்டுவதும், தியானத்தில் நின்ற விருஷபரிடம் நமி, வினமி என்னும் இளைஞர் நாடு வேண்டி நிற்க, தரணேந்திரன் தோன்றி அவர்களுக்கு அருள்வதும் அங்கே காட்சிகளாகின்றன.

இவ்வோவியங்களின் தனிச்சிறப்பு காட்சிகளின் கீழே எழுதப்பட்டுள்ள தமிழ்க் குறிப்புகள். படத்தில் இருப்பவர் யார், நடப்பது என்ன என்பதை அவை சொல்கின்றன. விதானத்தில் உள்ள சிற்றெழுத்தைக் கீழே நிற்கும் சிறு குழந்தை தானே படிப்பது அரிது. எழுத்தறிந்த ஒருவர் அருகில் நின்று படித்துச் சொல்ல வேண்டும். குழந்தை அண்ணாந்து படத்தைப் பார்க்க வேண்டும். ஓவியம், எழுத்து, சொல்பவர், கேட்பவர் ஆகிய நான்கும் கூடினால்தான் அவ்வோவியம் முழுமை பெறும். பிராமிக்குக் கற்பித்த எழுத்தும் அனந்தவிஜயனுக்குக் கற்பித்த ஓவியமும் ஒரே விதானத்தில் சேர்ந்துவிட்டன எனலாம்.

போளூரை அடுத்த திருமலையில் வட்டவட்டமாகத் தீட்டப்பட்ட சமவசரண ஓவியமும் இவ்வகையினதே. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வளையங்கள், வளையங்களைப் பிரிக்கும் கோடுகள் என அமைந்த அவ்வடிவத்தை, காம்பசு பிடிக்கக் கற்ற குழந்தை எளிதாக வரைந்துவிடும். சுந்தரி கற்ற எண்ணும் ஓவியமும் அங்கே கைகோக்கின்றன.

தமிழகத்துக்கு அப்பாலும் இம்மரபு வேரூன்றியிருந்தது. கருநாடகத்து மூடபித்ரியில் பாதுகாக்கப்பட்ட சட்கண்டாகம உரை ஏடுகளுள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பனையோலைகளில் வண்ண ஓவியங்கள் உள்ளன. குசராத்தில் கல்பசூத்திர ஏடுகள் ஓவியத்தோடு எழுதப்பெற்றன. எழுத்தையும் படத்தையும் ஒரே ஓலையில் வைத்துக் கற்ற சமூகம் அது.

பிராட்வேயில் தொடங்கிய வேறு பாதை

ஓவியக் கல்வி வீட்டையும் கோயிலையும் விட்டு வேறிடம் சென்றதற்கான அடையாளம் வடசென்னையிலேயே கிடைக்கிறது. 1850ஆம் ஆண்டில் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் அண்டர், கறுப்பர் நகரத்துப் பிராட்வேயில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை அரசு ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று எழும்பூர்ப் பக்கத்தில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கு அந்நாளில் கற்பிக்கப்பட்டவை ஐரோப்பிய முறையிலான வரைதலும் தொழிலுக்கு உதவும் கைவினையும். பயனுடைய கல்வி அது. பல தலைமுறைகளுக்கு வாழ்வளித்தது. எனினும், கையைப் பழக்கிய அக்கல்வி, காஞ்சிச் சுவரையும் சித்தன்னவாசல் விதானத்தையும் மாணவனுக்குப் பாடமாக வைக்கவில்லை. நாட்டின் பள்ளிகளில் பின்னர்ப் பரவிய ஓவிய வகுப்பும் அதே வழியில் கிண்ணத்தையும் பழத்தையும் பார்த்து வரையச் சொன்னது. வரைதல் ஒருபுறமும் வரலாறு மறுபுறமுமாகப் பிரிந்தன.

பிரிந்தவற்றை மீண்டும் இணைக்க முயன்றவர்களுள் இருவரைத் தமிழ்ச் சமணர் மறத்தலாகாது. முதலாமவர் தி. நா. இராமச்சந்திரன். திருப்பருத்திக்குன்றத்துக் கோயில்களையும் ஓவியங்களையும் பற்றி அவர் எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. தமிழ்ச் சமணர் வீடுகளில் ஓதப்பெற்ற மணிப்பிரவாள நூலாகிய ஸ்ரீபுராணத்தைத் துணைக்கொண்டே அவர் ஒவ்வொரு காட்சியையும் அடையாளம் கண்டார். வீட்டில் ஓதிய நூலே சுவரைத் திறக்கும் திறவுகோலாயிற்று.

இரண்டாமவர் மயிலை சீனி. வேங்கடசாமி. மயிலாப்பூரில் 1900இல் பிறந்த அவர், இளமையில் எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். குடும்பச் சூழலால் அதைத் தொடர இயலாமல் பள்ளி ஆசிரியரானார். தூரிகை கைவிட்டுப் போனாலும் ஓவியனின் கண் அவரை விட்டுப் போகவில்லை. 1954இல் 'சமணமும் தமிழும்' என்ற நூலையும், 1956இல் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்ற நூலையும் அவர் தந்தார். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை ஆகியவற்றின் வரலாற்றைத் தமிழ் தெரிந்த எவரும் படித்தறியும் எளிய நடையில் சொன்னது பின்னைய நூல். வீட்டில் குழந்தைக்குக் கலை வரலாறு சொல்ல விரும்பும் பெற்றோருக்கு அது இன்றும் ஏற்ற துணை.

திருவொற்றியூர் இல்லங்களில்

இவ்வரலாறு திருவொற்றியூர் இல்லங்களுக்குக் காட்டும் வழி எளியது. கதை முதலில், படம் அடுத்து, பெயர் அதன் பின், வரைதல் இறுதியில் என்பதே ஜினகாஞ்சி மண்டபத்தின் முறை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். ஸ்ரீபுராணத்திலிருந்து ஒரு கதையைத் தாத்தாவோ பாட்டியோ சொல்லட்டும். அக்கதைக்குரிய சிற்பத்தின் அல்லது ஓவியத்தின் நல்ல படம் ஒன்றைத் தாய் தந்தையர் காட்டட்டும். எந்த ஊர், எந்த நூற்றாண்டு, செய்வித்தவர் யார் என்னும் மூன்றையும் குழந்தை குறித்துக்கொள்ளட்டும். பின்னர் அதைத் தன் போக்கில் வரைந்து, கீழே தமிழில் ஒருவரி எழுதட்டும். மாதத்துக்கு இருவர் என வைத்தால், ஓராண்டில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் அவர்தம் இலாஞ்சனங்களும் வீட்டுச் சுவரில் வரிசையாக அமைந்துவிடுவர்.

பார்ப்பதற்கு இடங்களும் அருகிலேயே உள்ளன. திருவொற்றியூருக்கு மேற்கே சிறிது தொலைவில் புழலில் தொன்மையான ஆதிநாதர் ஜினாலயம் இருக்கிறது. பிராமிக்கும் சுந்தரிக்கும் கற்பித்த பெருமானையே அங்குத் தரிசிக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ ரயிலில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் எளிதில் அடையக்கூடிய அவ்விடத்தில், சமணத் திருமேனிகளைக் கண்ணெதிரே நின்று வரையலாம். காஞ்சிக்கும் திருமலைக்கும் ஆண்டுக்கொரு முறை குடும்பமாகச் செல்லும் யாத்திரையில் வழிபாட்டுத் தட்டோடு வரைதாளும் பென்சிலும் உடன் செல்லட்டும்.

ஊரிலுள்ள கலையும் இப்பாடத்துக்குத் துணையாகும். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் கருங்கல் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. பின்புறம் வளைந்த, தூங்கானை மாடம் எனப்படும் அவ்வடிவத்தை அமைத்த தச்சனின் பெயரையும் கல்வெட்டு காத்து வைத்துள்ளது. இரவி என்னும் வீரசோழத் தச்சன் அவன். அக்கோயிலிலேயே இலக்கணம் கற்பிப்பதற்கென்று ஒரு மண்டபம் இருந்ததையும் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பிற சமயத்தார் கலையையும் மதித்து நோக்கப் பழகுவது அநேகாந்தத்தின் இயல்பான பயிற்சி. திருவொற்றியூர்த் தச்சனின் பெயர் கிடைத்தது. ஜினகாஞ்சி விதானத்தில் தீட்டிய ஓவியரின் பெயரை அறிந்தவர் அரியர். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட குழந்தை, இனி எந்தக் கோயிலுக்குச் சென்றாலும் இதைச் செய்தவர் யார் எனக் கேட்கும்.

இக்கேள்வி கேட்கும் பழக்கம் வெறும் அறிவுப் பொழுதுபோக்கு அன்று. பழைய சுவரோவியங்கள் மழைக்கசிவாலும் புகையாலும் அழிந்தது ஒரு பங்கு. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருப்பணிகளில் வெள்ளையடித்தும் பளபளக்கும் எனாமல் பூசியும் மறைந்தது மற்றொரு பங்கு. அவ்வாறு பூசியவர்கள் பக்தியில் குறைந்தவரல்லர். அச்சுவரில் இருப்பது இன்னதென்று சொல்லித்தர அவர்களுக்கு இளமையில் யாரும் இல்லை. அதனால் அது அவர்கள் கண்ணுக்குக் கறையாகத் தோன்றியது. இன்று ஒன்பது வயதில் சித்தன்னவாசல் குளத்தில் மீன்களை எண்ணும் சிறுமி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் தன் சொந்த ஊர் ஜினாலயத்தின் திருப்பணிக் குழுவில் அமர்ந்திருப்பாள். சுவரில் பூச்சு வேலை தொடங்கும் நாளில், 'இதைத் தொடவேண்டாம், முதலில் இது என்ன என்று பார்ப்போம்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் இடம் வீடு.

விருஷபதேவர் தம் மக்களுக்குக் கற்பித்தபோது பள்ளிக் கட்டடமோ பாடத்திட்டமோ இருந்ததாகப் புராணம் கூறவில்லை. தந்தையின் மடியும், எழுதும் கையும், கேட்கும் பிள்ளைகளுமே இருந்தனர். அம்மூன்றும் திருவொற்றியூர் இல்லங்களில் இன்றும் உள்ளன. அறம் தழைக்க, அதனோடு கலையும் தழைப்பதாக.